மாநாட்டுக்குப் போன எருமை

அந்தக் குழுவின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் எங்கள் பக்கத்தில் எவரும் கிடையாது. ‘முனைவர் பட்ட மாணவர்களைப் பன்னாட்டு ஆய்வு மாநாடுகளுக்கு அனுப்பி ஆதரிக்கும் நிரந்தர உயர்நிலைக் குழு.’ உறுப்பினர்கள் ஏழு பேர். முத்திரை வெட்டியாயிற்று, கதவில் பித்தளைப் பலகை அடித்தாயிற்று, தேநீர் கொண்டுவர ஓர் ஆளும் போட்டாயிற்று. ஆதரிக்கப்பட ஒரு மாணவர்தான் பாக்கி. இரண்டு வருடம் அந்தக் குழு தன்னைத் தானே ஆதரித்துக்கொண்டு வாராவாரம் கூடியது. பல்கலைக்கழக வாசலில் குடைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தத் தேநீரில் எனக்கும் ஒரு கோப்பை வந்துகொண்டிருந்ததால் குறை சொல்வதற்கில்லை.

மூன்றாம் வருடம் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: இதுவரை எத்தனை பேர்? உடனே தேடினார்கள். கிஃபாயா கிடைத்தாள்.

அவளுக்கும் ஆதரவு தேவையாகத்தான் இருந்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் கட்டுரை படிக்காமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்பது பல்கலைக்கழக விதி. அவளுக்கு விதித்திருந்த கெடு செப்டம்பர் கடைசி. அதைத் தாண்டினால் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவார்கள். நாலு வருட உழைப்பு அத்தோடு போச்சு.

எங்கள் ஊர் அபூ கஸப். பாக்தாதுக்கு வெகு தெற்கே, ஹம்மார் சதுப்பின் கிழக்கு ஓரத்தில் நாணலும் சேறும் எருமையுமாகக் கிடக்கும். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். கிஃபாயாவின் தாய் உம் ஜப்பாருக்கு மூத்தவன் ஜப்பார், பிறகு வரிசையாக மூன்று பெண்கள். நாலாவதும் பெண்ணாக விழுந்தபோது, ‘போதும்’ என்று அர்த்தம் வரும்படி கிஃபாயா என்று வைத்தார்கள். ஆண்டவன் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டான். அடுத்த வருடமே புருஷனைக் கொண்டுபோய்விட்டான்.

அவள் ஆய்வு செய்தது தண்ணீரிலுள்ள உப்பை. ஆற்றில் வரத்துக் குறைந்தால் கடல் மேலே ஏறி வரும். வெயில் காலத்தில் அது எங்கள் வாய்க்கால்வரை நாக்கை நீட்டும். பதினேழு இடங்களில் தினமும் தண்ணீர் மொண்டு, மீட்டரை விட்டு, எண்ணை நோட்டில் எழுதுவாள். எந்த எண்ணில் எருமைக்குப் பால் வற்றுகிறது, எந்த எண்ணில் கண் போகிறது என்பதுதான் ஆய்வேடு. வீட்டுத் துறையில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. விடியலில் பால் கறக்கப் போகும் உம் ஜப்பார் விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்து, உப்பு இத்தனை என்று ஒரு எண் சொல்வாள். அதற்குப் பிறகுதான் மீட்டர்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை. முந்தின நாள் சாணி வரட்டித் தணலில் மெதுவாகக் காய்ந்து ஆறிய பாலின்மேல் ஆடை விரல் தடிமனுக்குத் திரண்டு நின்றது. அதைச் சுருட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள் உம் ஜப்பார். அரிசி ரொட்டி சூடாக இருந்தது. நான் அழைப்பில்லாமல் போய் உட்கார்ந்திருந்தேன்.

“ஆறு,” என்றாள் கிழவி.

“ஆறு புள்ளி ஒண்ணு,” என்றாள் கிஃபாயா, மீட்டரைப் பார்த்து.

“அந்தப் புள்ளிக்குத்தான் ஒனக்கு டாக்டர் பட்டம். எனக்குப் புள்ளி இல்ல, அதனால பட்டமும் இல்ல.”

ஜப்பார் நாணல் கட்டைத் தோளிலிருந்து இறக்கினான். “உம்மா, ஜூன்லயே ஆறு. போன வருஷம் இந்நேரம் நாலு. எருமையெல்லாம் வடக்க ஓட்டிட்டுப் போயிருவோம். அங்க மேல இன்னும் தித்திப்புத் தண்ணி ஓடுது. ஜூலையில பாதிக்குள்ள போனாத்தான் தப்பிக்கும்.”

“போலாம்லே. இவ காரியம் முடியட்டும்.”

“இவ காரியம் என்னைக்கு முடிஞ்சிருக்கு? நாலு வருஷமா பாட்டில்ல தண்ணி புடிக்கா. கடலே அரைவாசி இவ பாட்டில்லதான் இருக்கு.”

“நீ ஒரு எருமைய எழுதச் சொல்லிப் பாரு காக்கா,” என்றாள் கிஃபாயா அண்ணனிடம். “ஒனக்கு முந்தி அது எழுதிரும்.”

“எருமை எழுதாது. ஆனா மானம் இருக்கு அதுக்கு. உப்புத் தண்ணின்னா மூஞ்சியத் திருப்பிக்கிடும். நீ அந்தக் குழுக்காரவ எதைக் குடுத்தாலும் குடிக்கே.”

உம் ஜப்பார் ஆடையை ரொட்டியில் வைத்து ஆளுக்கொன்றாக நீட்டினாள். சண்டையை நிறுத்த அந்த வீட்டில் அதுதான் வழி, வாய் நிறைந்துவிடும்.

அந்த வாரம் பாராட்டு விழா. குழுத் தலைவர் டாக்டர் முன்திர் பேசினார். அவர் நுழையும் அறைக்குள் அவருடைய வாசனைத் தைலம் ஐந்து நிமிடம் முன்னதாக வந்து இடம் பிடித்துக்கொள்ளும். ‘அறிவின் வானில் சிறகு விரிக்கும் சதுப்பு நிலத்தின் புதல்வி’ என்று ஆரம்பித்தவர், தம் இளமைக்கால வெளிநாட்டுப் படிப்பு, குழு அமைக்கப்பட்ட வரலாறு, பித்தளைப் பலகையின் அவசியம் எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் சொன்னார். பிறகு கேடயங்கள் வழங்கினார்கள். ஏழு உறுப்பினர்களுக்கும் ஏழு கேடயம், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கிஃபாயாவுக்கு ஒரு பூங்கொத்து. படம் எடுத்து முடித்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வேறொரு விழா இருந்தது.

முன்வரிசையில் கறுப்பு அபாயாவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த உம் ஜப்பார் என்னைக் கேட்டாள்: “எழுத்துக்காரத் தம்பி, போறது இவுகளா, எம்மவளா?”

“கிஃபாயாதான்.”

“பொறவு இவுக எதுக்கு இப்படி வேர்க்காங்க?”

விழா முடிந்து இறங்கும்போது டாக்டர் முன்திர் கிஃபாயாவைக் கூப்பிட்டார். “மகளே, குழு ஒரு முறை களத்துக்கு வர வேண்டும். உன் வீடு, உன் தாய், எருமைகள், எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். களப்பதிவு இல்லாமல் கோப்பு நகராது.”

“எப்ப வாறிய டாக்டர்?”

“இதோ, இந்த மாதமே.”

எருமைகள் வடக்கே போகாமல் நின்றன.

அழைப்புக் கடிதம் வந்தது. வடக்கே குளிர்நாடு ஒன்றில் நீர் பற்றிய மாநாடு, செப்டம்பர் நடுவில். விசா விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே தலையை நீட்டினேன். இருபத்தேழு வருடத் தொழிலில் தூதரகத்துக்கு எழுதுவது அதுதான் முதல் தடவை.

குடும்பத்தினர் விவரம் என்று ஒரு பக்கம். தாய், உடன்பிறந்தோர், பிறந்த தேதி. அடையாள அட்டைகளை வாங்கி அடுக்கினேன். ஜப்பார், ஜூலை ஒன்று, தொண்ணூற்று ஐந்து. அடுத்த மூவரும் ஜூலை ஒன்று, தொண்ணூற்று ஐந்து. கிஃபாயாவும் அதே. எனக்கு இது புதிதல்ல. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் பிறந்தது ஜூலை ஒன்றாம் தேதிதான். அரசாங்கம் சதுப்பை வற்றடித்து எங்களைத் துரத்திய காலத்தில், பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நின்றபோது, தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் எழுத்தன் போட்ட தேதி அது. உம் ஜப்பாருக்கு வாய்த்த எழுத்தனுக்குப் பசி நேரம். ஐந்து பிள்ளைகளுக்கும் வருடத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். ஒரு தாய், ஒரு நாள், ஐந்து பிள்ளை.

அப்படியே எழுதி, நகலை டாக்டர் முன்திரிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

“என்ன இது? பூனையா ஈன்றது? அந்நியர்கள் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? பல்கலைக்கழகத்தின் கௌரவம் என்ன ஆவது? உண்மையான தேதிகளை விசாரித்துப் போடும்.”

“அட்டையில இப்படித்தான் இருக்கு டாக்டர்.”

“அட்டை எழுதினவன் படிக்காதவன். நாம் படித்தவர்கள்.”

அந்த ‘நாம்’ என்ற வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

அன்று மத்தியானமே உம் ஜப்பாரிடம் போய் உட்கார்ந்தேன். தெற்கத்தி ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. காகிதம் கையில் ஒட்டியது. அவள் சாணியை உருட்டி வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“தேதின்னா எனக்கு எப்படித் தெரியும்? கன்னு தெரியும். ஜப்பாரு, எங்க எருமை வர்தா தலைச்சன் போட்டப்ப. அப்ப இங்க இடுப்பளவு தண்ணி. பேரீச்சை பூ விட்டிருந்துச்சு.”

கணக்குப் பார்த்தேன். தொண்ணூறு, மார்ச். எழுதினேன்.

“ரெண்டாவது, தண்ணி வத்த ஆரம்பிச்ச வருஷம். மீனெல்லாம் சேத்துல கெடந்து துடிச்சுது. வர்தா கன்னு செத்துப் பொறந்துச்சு, என் புள்ள உசுரோட பொறந்துச்சு. மூணாவது ஓடுற வழியில. ரோட்டோரம். எருமைய ஒரு கையில புடிச்சுக்கிட்டுப் பெத்தேன் தம்பி, விட்டா லாரியில அடிபட்டிரும்லா. நாலாவது அந்தத் தகரக் கொட்டாயில. நல்ல குளிரு.”

“கிஃபாயா?”

கை நின்றது. “சம்ராவுக்கும் எனக்கும் ஒரே நாள்ல வலி. பக்கத்துல பக்கத்துல கெடந்தோம். அது என்னயப் பாக்கும், நான் அதப் பாப்பேன். அது பொட்டக் கன்னு போட்டுச்சு, நானும் பொட்டக் கன்னு போட்டேன். இந்தா நிக்குதே நிஜ்மா, சம்ராவோட பேத்தி. தை மாசக் குளிர்ல பொறந்தவள வெயில்ல பொறந்தான்னு எழுதிட்டான் படுபாவி.”

கிஃபாயாவின் தேதியை நான் தொடவில்லை, கடவுச்சீட்டில் அச்சடித்தாயிற்று. மற்ற நால்வருக்கும் கன்றுக் கணக்குப்படி எழுதினேன். நோட்டோடு வந்த கிஃபாயா எட்டிப் பார்த்தாள்.

“சாச்சா, வேண்டாம். அட்டையில உள்ளத அப்படியே போடுங்க. அட்டை நகலையும் கூடவே வைக்கணும்லா?”

“டாக்டர் சொல்லிட்டாரு புள்ள.”

“அவரு சொல்லுவாரு. விரல்ரேகை வைக்கப் போறது நானு.”

“எம்மா, இருவத்தேழு வருஷமா பொய்யத்தான் எழுதிட்டிருக்கேன். ஒரு தடவ நெசத்த எழுத விடு.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஜப்பாரும் அவளும் பாக்தாத் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

குழுவின் கள வருகை மூன்று முறை தள்ளிப்போனது. முதல் முறை துணைத்தலைவரின் மைத்துனர் கல்யாணம். இரண்டாம் முறை புழுதிக் காற்று. மூன்றாம் முறை புகைப்படக்காரர் வரவில்லை; படம் எடுக்க ஆளில்லாத களத்துக்குப் போய் என்ன பயன்? ஒவ்வொரு முறையும் உம் ஜப்பார் இரண்டு நாள் ஆடையை விற்காமல் சேர்த்துவைத்தாள். ஜூலை பாதியில் கிழவியின் நாக்கு “ஒம்பது” என்றது. மாதக் கடைசியில் “பதினொண்ணு.” பால் பாதியானது.

“நாளைக்கி ஓட்டிட்டுப் போறேன்,” என்றான் ஜப்பார். “எவன் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

“ஒரே வாரம் காக்கா. வந்து படம் எடுத்துட்டுப் போயிட்டா கோப்பு நகந்துரும்.”

“கோப்புக்குக் கால் இருக்கா? எருமைக்கு இருக்கு. இருக்கும்போதே நடந்துக்கிடணும்.”

“எம்மேல உள்ள கோவத்த எருமை மேல ஏத்தாத.”

“கோவமா? ஏளா, நிஜ்மா நேத்துப் படகுல முட்டுச்சு பாத்தியா? நடுப்பகல்ல. முன்னால நிக்கிற படகு.”

அவள் பார்த்திருக்கவில்லை. எழுந்து போனாள். நிஜ்மா துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. கிஃபாயா அதன் கண்ணுக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண் மேல் பால் நிறத்தில் ஒரு படலம். அவள் நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், எண் எழுதினாள். எந்த எண்ணில் கண் போகும் என்று நாலு வருடமாகத் தேடியவளுக்கு விடை கிடைத்துவிட்டது. எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் நின்றாள்.

ஜப்பார் மறுநாள் போகவில்லை; அந்த ஒரே வாரம் இரண்டு வாரமானது. ஆகஸ்ட் பத்தாம் தேதி குழு வந்தது. மூன்று வண்டி. வெள்ளைக் காலணிகள். இருபது நிமிடம் இருந்தார்கள். இரண்டு தட்டு ஆடை போனது. இன்னும் இருக்கிறதா என்று துணைத்தலைவர் கேட்டார். டாக்டர் முன்திர் நிஜ்மாவின் கழுத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். குருடாகையால் அது அசையாமல் நின்றது.

“என்ன சாதுவான ஜீவன்!” என்றார்.

“கண்ணு தெரியாது டாக்டர்,” என்றாள் உம் ஜப்பார். “யாரு தொடுதான்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படி நிக்குமா?”

மறுநாள் ஜப்பார் பத்து எருமைகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போனான். அதில் மூன்று வழியிலேயே விழுந்தன. நிஜ்மாவால் நடக்க முடியவில்லை. அதுவும் அதன் கன்றும் அபூ கஸபிலேயே நின்றன.

ஆகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. ஒரே பக்கம். என் மேசையில் வைத்து கிஃபாயாவே படித்தாள். விண்ணப்பத்தில் உடன்பிறந்தோருக்குத் தரப்பட்ட பிறந்த தேதிகளும் இணைக்கப்பட்ட அரசு ஆவணங்களும் பொருந்தவில்லை. தவறான தகவல் தந்ததாகக் கருதப்படுகிறது. விசா மறுக்கப்படுகிறது.

நான் பேனாவை எடுத்தேன். “மேல்முறையீடு எழுதுவோம் புள்ள. அந்த எழுத்தன் கத, சதுப்பு வத்துன கத, எல்லாத்தையும் எழுதுதேன். நாலு பக்கம்.”

“மேல்முறையீட்டுக்கு ரெண்டு மாசம் ஆவும்னு கீழ போட்டிருக்கு சாச்சா.”

“ஏந்தப்பு.”

“ஒங்க தப்பு என்ன? நெசந்தான எழுதுனீங்க.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்த வாக்கியத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

குழு அவசரமாகக் கூடியது. ஒதுக்கிய ஆதரவு ஒதுக்கியபடி செலவாக வேண்டும். இல்லையென்றால் மேலிடம் மறுபடி கேட்கும். டாக்டர் முன்திரிடம் அரசுக் கடவுச்சீட்டு இருந்தது; விசா இரண்டே நாள். ‘மாணவியின் பொருட்டு, பெரும் சிரமத்தை ஏற்று’ அவர் போவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தைச் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான்தான். ‘பெரும் சிரமத்தை’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தடுக்கியது. எழுதிவிட்டேன்.

கிஃபாயா நோட்டுகளையும் படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒன்றரை மணி நேரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பேசினார். ஒரு முறை தூங்கினார்.

மாநாடு நடந்த வாரத்தில் நிஜ்மா செத்தது. வாய்க்கால் கரையில், தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. குடிக்கவில்லை. உம் ஜப்பார் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்த மனிதர்களுக்கு வைக்கிற ஒப்பாரியை வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒன்றோ இரண்டோ அப்படிக் கிடந்தன.

டாக்டர் முன்திர் திரும்பி வந்ததற்கும் விழா. அரங்கத் திரையில் அவர் ஒரு விளக்கப் பதாகைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற படம். துணியில் அச்சடித்த பதாகை. நடுவே பெரிதாக நிஜ்மா, அதன் கழுத்தில் அவர் கை. “வெள்ளைக்காரர்கள் கண் கலங்கினார்கள்,” என்றார். ஏழு கேடயங்கள் மறுபடி கை மாறின. கிஃபாயாவுக்கு மாநாட்டுப் பை ஒன்று, கழுத்தில் மாட்டும் பெயரட்டை ஒன்று, பிறகு அந்தத் துணிப் பதாகை. “இது உன் உழைப்பின் சின்னம் மகளே,” என்றார். பெயரட்டையில் அவர் பெயர் இருந்தது.

அவள் மேடையிலேயே கேட்டாள்: “டாக்டர், எனக்குக் கட்டுரை படிச்ச சான்று?”

“சான்று நேரில் படித்தவருக்குத்தானே மகளே. நடைமுறை அப்படி.”

அக்டோபர் முதல் வாரம் பதிவேட்டில் பெயரை வெட்டினார்கள். காரணம்: பன்னாட்டு மாநாட்டில் பங்கேற்கவில்லை. கடிதத்தின் கீழே, பரிந்துரைத்த குழுவின் முத்திரை நீலமாக, அழகாக விழுந்திருந்தது. அந்த முத்திரை ஒரு மாணவரின் கடிதத்தில் விழுந்தது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து விடியலில் போனேன். தாயில்லாத கன்றுக்கு வெயில் படாமலிருக்கப் பதாகையை நாலு நாணல் கழியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். துணி நல்ல கெட்டி. நிஜ்மா மேலே, அதன் கன்று கீழே.

உம் ஜப்பார் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். “எழுத்துக்காரத் தம்பி, இதுல எம்மவ பேரு எங்க இருக்கு?”

தேடிக் காட்டினேன். எட்டாவதாக, அடியில், நன்றி என்ற தலைப்புக்குக் கீழே.

“சின்னதா இருக்கே.”

“ஆமா.”

“எருமையப் பெருசா போட்டிருக்காவ. அது மட்டும் நல்லா விழுந்திருக்கு.” கையை எட்டித் துணியில் நிஜ்மாவின் நெற்றியைத் தடவினாள். “கடல் தாண்டிப் போயிட்டு வந்துட்டியேட்டி.”

கிஃபாயா அரிவாளோடு நாணலுக்கு இறங்கத் தயாராக நின்றாள். முழங்காலுக்கு மேல் பாவாடையைச் செருகியிருந்தாள். நான் காகிதத்தை விரித்தேன். “நேரா மந்திரிக்கே எழுதிருவோம் புள்ள. நீ சொல்லு, நான் எழுதுதேன்.”

“அதெல்லாம் வேண்டாம் சாச்சா. தண்ணி லாரிக்கு ஒரு மனு எழுதுங்க. கன்னு ஒண்ணுதான் மிச்சம், அதுக்குத் தித்திப்புத் தண்ணி வேணும். மத்ததெல்லாம் வடக்க நிக்குது.”

எழுதினேன். பெயர், ஊர். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “பொறந்த தேதி?”

“ஜூலை ஒண்ணு,” என்றாள். “அதயே போடுங்க.”

இறங்கி நாணலுக்குள் போய்விட்டாள். அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது. துறையில் உம் ஜப்பார் குனிந்து, விரலை முக்கி, நாக்கில் வைத்தாள்.

“பதினாலு,” என்றாள், நாணல் பக்கம் பார்த்து, சத்தமாக.

அரிவாள் நிற்கவில்லை. கிழவி கொஞ்சம் காத்திருந்து மறுபடி சொன்னாள். “ஏளா, பதினாலு.”

நான் கையில் பேனாவோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணை நானும் எழுதவில்லை.